மசூலாப் படகு மாதிரி (1:20): தையல் துளையில் பலகை பிளக்கிறது

கடலோடி72:
வணக்கம். சென்னையில் துறைமுகம் வருமுன் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஆளையும் சரக்கையும் ஏற்றிய மசூலாப் படகைச் செய்துகொண்டிருக்கிறேன். நீளம் 450 மி.மீ., அகலம் 150. பலகை 1.2 மி.மீ. தேக்கு. துளை போட்டுவிட்டு வெந்நீரில் ஊறவைத்து வளைத்தால், முனைப்பக்கம் துளை வரிசையோடு பிளக்கிறது. இன்னொன்று, உள்ளே சட்டம் (பலகைகளைத் தாங்கும் விலா மரம்) இல்லாமல் வடிவம் நிற்குமா?

உளிமுனை:
துளை கடைசியில்தான் போடணும். வரிசையாகத் துளைத்த பலகை, வளைகிற இடத்தில் அந்த வரிசையிலேயேதான் விடும். தேக்கையும் மாற்றுங்கள், இந்தக் கனத்தில் முறுக்கு தாங்காது. ரேகை நேராக ஓடும் குமிழ் மரம் நல்லது. பால்சா வேண்டவே வேண்டாம், நூலை இழுத்தால் மரத்தை அறுத்துக்கொண்டு வந்துவிடும்.

சட்டம் வைக்காதீர்கள். அலை தூக்கிப் போடும்போது நெளிந்துகொடுக்கத்தான் அந்தப் படகைச் சட்டமே இல்லாமல் கயிற்றால் தைத்தார்கள். சட்டம் தெரிந்தால் அது மசூலாவே இல்லை. 6 மி.மீ. ப்ளைவுட்டில் ஏழெட்டு குறுக்குவெட்டு அச்சு அறுத்து, தலைகீழாக நிறுத்தி, விளிம்புகளில் செலோ டேப் ஒட்டிவிடுங்கள். ஃபெவிகால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே மட்டும். ஊறிய பலகையை அச்சில் கிளிப் போட்டு ஒரு இரவு காயவிட்ட பிறகே ஒட்டணும். ஈரத்தோடு ஒட்டினால் அகலவாக்கில் சுருங்கி மூட்டு வாய் பிளக்கும்.

முனையில் பலகையைக் குறுக்காமல் பக்கவாட்டில் வளைத்தால் ஓரம் எழும்பும். காகிதப் பட்டையைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள்: நடுவில், அடி நடுக்கோட்டிலிருந்து மேல்விளிம்பு வரை 150 மி.மீ. இருந்தால் பத்துப் பலகை, தலைக்கு 15. முனையில் அதே அளவு 100 என்றால் 10 ஆக இழைக்கணும்.

நெய்தல்:
அச்சைக் கழற்றியதும் மேல்விளிம்பில் மூன்று இடத்தில் குறுக்குக்குச்சி கட்டுங்கள். இல்லாவிட்டால் தையல் இழுப்பில் படகு ஒடுங்கிவிடும்.

துளைக்க, பின் வைஸில் (pin vise, விரலால் சுழற்றும் சின்னக் கைத் துளைப்பான்) 0.7 மி.மீ. பிட், மூட்டிலிருந்து 2.5 மி.மீ. தள்ளி, துளைக்குத் துளை 4. பித்தளைத் தகட்டில் 4 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டு, ஒன்றில் குண்டூசி செருகி முந்தைய துளையில் ஊன்றி, மற்றதன் வழியாகத் துளைத்தால் வரிசை கோணாது. உள்ளே கழிவு மரத்துண்டு அண்டக்கொடுக்கணும், இல்லாவிட்டால் சிராய் பெயரும். மொத்தத் துளை மூவாயிரத்தைத் தாண்டும், பிட் ஐந்தாறு வாங்கி வையுங்கள்.

நிஜப் படகில் தென்னை நார்க் கயிறு. இந்த அளவுக்குப் பருத்தி நூலை டீ டிகாஷனில் நனைத்துக் காயவைத்து, தேன்மெழுகில் இழுத்தால் பிசிறு அடங்கும். உள்பக்க மூட்டின் மேல் சணல் நாரைத் திரித்து வைத்து, அதன்மேல் பெருக்கல் குறியாகத் தையுங்கள். நூல் நுனியில் ஃபெவி க்விக் தொட்டால் ஊசியே வேண்டாம்.

கடலோடி72:
நன்றி இருவருக்கும். தையலை எங்கே தொடங்குவது?

நெய்தல்:
அடி மூட்டிலிருந்து மேலே. ஒவ்வொரு மூட்டிலும் இரு முனையிலிருந்தும் நடுவுக்கு வாருங்கள். முனையில் விரல் நுழையாது, முடிச்சுப் போட நடுவில்தான் இடம் இருக்கும். குறுக்குப் பலகைகள் எல்லாத் தையலும் முடிந்த பிறகு.