எரிமலை மாடல் செஞ்ச டீச்சர்களே, உங்க வகுப்புல என்ன நடந்துச்சு?

நாலாப்பு டீச்சர்:
பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) விசிட்டுக்காகச் செஞ்சது. ஊறவெச்ச பேப்பர் கூழ், நடுவுல ஜூஸ் பாட்டில், ஆப்ப சோடா, கேசரிப் பவுடர், வினிகர்... உங்களுக்குத் தெரியாததா. பொங்குனப்ப பசங்க போட்ட கூச்சல்ல பக்கத்து கிளாஸே வந்துருச்சு. கூட்டம் கலையறப்ப ஒரு பொண்ணு மட்டும் விரலை விட்டுப் பாத்துட்டு, "டீச்சர், ஜில்லுனு இருக்கு"ன்னா. ஒரு வாரமா நெருப்புக் குழம்புன்னு சொல்லிக்குடுத்திருக்கேன். "கை கழுவிட்டு உக்காரு"ன்னுட்டேன். கழுவிட்டு வந்து உக்காந்தவதான், அந்த வருஷம் முழுக்க ஒரு கேள்வி கேக்கல. மூணு வருஷமாச்சு, இன்னும் உறுத்துது.

ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி:
அம்மா, அந்தப் பிள்ளை சொன்னது சரி. சோடாவும் வினிகரும் சேரும்போது வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் குளிரும். நான் செய்தது உங்களுடையதைவிட மோசம். அம்மோனியம் டைக்ரோமேட். அந்த ஆரஞ்சுப் பொடியைக் குவித்துத் தீ வைத்தால் பொறி பறக்கும், பச்சைச் சாம்பல் மலையாகக் குவியும். 1988இல் முன்வரிசைப் பையன் ஒருவன் அந்தச் சாம்பலை எடுத்து விபூதி மாதிரி நெற்றியில் பூசிக்கொண்டான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். எரியாமல் மிஞ்சும் பொடி புற்றுநோய் உண்டாக்கும் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. அந்தப் பச்சை நெற்றி இன்னும் கண்ணில் நிற்கிறது.

வெல்லப்பாகு:
சோடா வினிகர் மாடலே பொய்ங்க. எரிமலை சோடாவும் புளிப்பும் சேர்ந்து பொங்கறதில்ல. பாறைக்குழம்புல கரைஞ்சு கிடக்குற நீராவியும் வாயுவும் மேல வர வர அழுத்தம் குறைஞ்சு விடுபடுது. கோலி சோடா திறக்கற கதைதான். நான் ரெண்டு கிண்ணம் வைப்பேன், ஒண்ணுல தண்ணி, இன்னொண்ணுல ஆறின வெல்லப்பாகு. ஸ்ட்ரால ஊதச் சொல்லுங்க. தண்ணில குமிழி சும்மா வெளிய வந்துடும், பாகுல மாட்டிக்கிட்டுப் பொத்துனு வெடிக்கும். சிலிக்கா (மணல்ல இருக்கற பொருள்) அதிகமா இருந்தா குழம்பு பாகு மாதிரி கெட்டி. ஹவாயில மவுனா லோவா எரிமலையோட குழம்பு இளகல், அதனால தோசை மாதிரி பரந்து கிடக்கு. அப்புறம் தட்டைச் சாய்ச்சு ரெண்டையும் ஊத்திப் பாருங்க, எது எவ்வளவு தூரம் ஓடுதுன்னு ஸ்கேல் வெச்சு அளக்கச் சொல்லுங்க. சட்டையில படாம பேப்பர் விரிங்க. எறும்பு வரும், உடனே துடைங்க. என் அனுபவமா? எறும்புதான்.

நாலாப்பு டீச்சர்:
@வெல்லப்பாகு, நான் மாடல் எப்படிச் செய்யறதுன்னு கேக்கலைங்க 🙂

மிதக்கும் கல்:
குதிகால் தேய்க்கற நுரைக்கல்லை பக்கெட் தண்ணில போட்டேன், மிதந்துச்சு. "ராமர் பாலத்துக் கல்லா சார்?"னு ஒருத்தன். இல்லடா, வாயு நுரைச்சு அப்படியே உறைஞ்ச எரிமலைக் கல்லு, 1883ல இந்தோனேசியாவுல கிரகடோவா எரிமலை வெடிச்சப்ப வந்த கல்லு இந்தியப் பெருங்கடல்ல மிதந்து ஆப்பிரிக்கா வரைக்கும் போச்சுன்னேன். அவன் நம்பல. பாட்டிகிட்ட கேட்டுட்டு வர்றேன்னுட்டான். மறுநாள் பாட்டியே வந்துட்டாங்க, கல்லைப் பாக்க.

போர்ட் பிளேர் தமிழ்:
இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை பாரன் தீவு எங்க ஊர்ல இருந்து சுமார் 140 கிலோமீட்டர். ரொம்ப காலம் அடங்கிக் கிடந்து 1991ல மறுபடி வெடிச்சது. எங்க பசங்க சார்ட்ல வரைஞ்சது என்ன தெரியுமா? உச்சியில பனி வெச்ச ஜப்பான் மலை. பாரன் தீவுல பனி ஏது? உடைஞ்ச கிண்ணம் மாதிரி வெளிவளையம், நடுவுல சின்னக் கூம்பு, கரேல்னு சாம்பல். கடைசியில சார்ட்டைக் கிழிக்க மனசு வராம பனி மேல கரியைத் தேய்க்கச் சொன்னேன். ஒருத்தி மட்டும் தேய்க்காம அழுதா.

நாலாப்பு டீச்சர்:
கெமிஸ்ட்ரி சார், குளிர்றதை அளக்க காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டர் போதுமா?

ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி:
போதாதம்மா, அது சுமார் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே காட்டாது. பக்கத்து ஹைஸ்கூல் லேபில் கேளுங்கள்.