பழைய டர்போ செடான்: ஐடிலில் நடுக்கம், விசில் சத்தம், கூலண்டும் குறைகிறது. டர்போவை மாற்றத்தான் வேண்டுமா?

மூன்றாம்கியர் எழுதியது:

வணக்கம். நான்கு மாதத்துக்கு முன் ஒரு பழைய ஸ்போர்ட் செடான் வாங்கினேன். 2 லிட்டர் டர்போ பெட்ரோல், நேரடி இன்ஜெக்‌ஷன், 6 கியர் டூயல் கிளட்ச். 1,18,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நான் மூன்றாவது ஓனர். முதல் ஓனர் எல்லா பில்லையும் கோப்பில் போட்டு வைத்திருந்தார். இரண்டாமவர் வண்டியைக் கழுவியதோடு சரி போலிருக்கிறது.

மூன்று வாரமாகத் தொல்லை. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் நடுங்குகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிடம் மிஸ்ஸிங் அடித்து அப்புறம் சரியாகிவிடும். பானெட்டைத் திறந்தால் குக்கர் விசில் அடங்கும் நேரத்தில் வருமே, அது மாதிரி மெல்லிய ஒரு சத்தம். செக் இன்ஜின் லைட் எரிகிறது. ஆயில் 1,500 கி.மீ.க்கு ஒரு லிட்டர் குடிக்கிறது. இது போதாதென்று கூலண்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறது. தரையில் ஒரு சொட்டு இல்லை.

பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, டர்போ, நான்கு இக்னிஷன் காயில், நான்கு ஸ்பார்க் பிளக், ஒரு ஆக்சிஜன் சென்சார் எல்லாம் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். வண்டி வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு. டர்போவுக்குச் சாட்சியாக, அது அழுத்தும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றி உள்ளே ஆயில் ஈரம் இருப்பதைக் காட்டினார்கள். நம்புகிற மாதிரிதான் இருக்கிறது, ஆனால் வண்டியின் பிக்கப் துளியும் குறையவில்லை. அதுதான் உறுத்துகிறது. என்ன செய்யலாம்?

நாலுசக்கரம் எழுதியது:

ப்ரோ, லைட்டை அணைத்துவிட்டு விற்றுவிடுங்கள். ஜெர்மன் வண்டி யானை மாதிரி, வாங்கலாம், தீனி போட முடியாது.

ஸ்பானர்செட் எழுதியது:

விற்பதை அப்புறம் பார்க்கலாம். பிரச்சினையை மறைத்து இன்னொருவர் தலையில் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

நண்பரே, பிக்கப் குறையவில்லை என்று சொன்னீர்களே, அந்த ஒரு வரி எஸ்டிமேட்டை விட முக்கியம். டர்போ போன வண்டி இழுக்காது. பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) குறைந்தால் பெரும்பாலும் பி0299 என்ற பழுதுக் குறியீடு, அதாவது கோடு, வரும். உங்களுக்கு வந்த கோடு எது? ஹோஸுக்குள் ஆயில் ஈரம் என்பது சாட்சியே இல்லை. இன்ஜினுக்குள் உருவாகும் ஆயில் ஆவி பிரீதர் வழியாக அந்தக் குழாய்க்குத்தான் போகிறது, எனவே ஒரு மெல்லிய படலம் எல்லா டர்போ வண்டியிலும் இருக்கும். குழாயைச் சாய்த்தால் ஆயில் வழிய வேண்டும், அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும். டர்போவை நேரில் சோதிப்பதும் எளிது: இன்ஜின் ஆறியபின் உள்வாங்கும் பக்கத்துக் குழாயைக் கழற்றி விசிறியின் நுனியை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னுமாக ஆடினாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தாலோதான் கெட்டது.

அதற்கும் முன்னால் செலவில்லாத இரண்டு வேலை. ஒன்று, வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் சாதாரண ப்ளூடூத் ஓபிடி கருவி ஒன்றைச் செருகி, கோடுகளோடு லாங் டெர்ம் ஃப்யூவல் டிரிம் (கலவையைச் சரிக்கட்ட கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம்) எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐடிலில் ஒரு முறை, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்து ஒரு முறை. இரண்டு, இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். எவ்வளவு எளிதாக வருகிறது, திறந்ததும் சத்தம் மாறுகிறதா, இந்த இரண்டையும் எழுதுங்கள்.

மூன்றாம்கியர் எழுதியது:

நன்றி அண்ணா. பார்த்துவிட்டேன்.

கோடு இரண்டு: பி0171, பி0302. பி0299 இல்லை. டிரிம் ஐடிலில் கூட்டல் 19 சதவீதம், 2,500 ஆர்பிஎம்மில் கூட்டல் 5.

ஆயில் மூடி கதைதான் விசேஷம். வழக்கம்போல் திருகினேன், திரும்பியது, ஆனால் மேலே வரவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பது மாதிரி. பலம் கொடுத்து எடுத்ததும் புஸ்ஸென்று காற்று உள்ளே போனது, விசில் அந்தக் கணமே நின்றது, இன்ஜின் குலுங்கி அணையப் பார்த்தது. சமையலறைக் கையுறையை வாயில் வைத்தேன், உள்ளே உறிஞ்சி விரலெல்லாம் தலைகீழாகிவிட்டது. இது நல்லதா கெட்டதா?

ஸ்பானர்செட் எழுதியது:

உங்கள் பர்ஸுக்கு நல்லது. பிரீதர் வால்வின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

பிஸ்டன் வளையத்தைத் தாண்டி எப்போதும் கொஞ்சம் சிலிண்டர் வாயு கீழே இறங்கும். அதை மறுபடி இன்டேக்குக்கு, அதாவது இன்ஜின் காற்று வாங்கும் வழிக்கு, அனுப்பி எரிக்கத்தான் பிரீதர். ஐடிலில் த்ராட்டில் மூடியிருப்பதால் இன்டேக்கில் வேக்யூம் பலமாக இருக்கும். அது இன்ஜினின் அடிவயிறு வரை நேராக இழுத்துவிடாமல் அளவோடு நிறுத்துவது, உள்ளங்கை அகலமுள்ள ஒரு ரப்பர் தகடு. அதன் மேல் பக்கம் வெளிக்காற்றோடு ஒரு சிறு துளையால் இணைந்திருக்கும். ரப்பர் கிழிந்தால் வெளிக்காற்று அந்தத் துளை வழியாகவே உள்ளே போகும். அதுதான் உங்கள் விசில். ஏர்ஃப்ளோ சென்சார் அளக்காத காற்று என்பதால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது, பி0171 போடுகிறது. ஆயில் குறைவதில் ஒரு பங்கும் இதனால்தான், வேக்யூம் ஆயில் துளிகளையும் சேர்த்து உறிஞ்சுகிறது.

டிரிம் எண்ணும் அதையே சொல்கிறது. ஓட்டையின் அளவு மாறுவதில்லை. ஐடிலில் இன்ஜின் மூச்சு விடுவதே கொஞ்சம், அதில் ஓட்டைக் காற்று பெரிய பங்கு. 2,500-இல் மூச்சு பெரிதாகிறது, ஓட்டை ஒரு பொருட்டாக இருப்பதில்லை. எண் இரண்டு இடத்திலும் உயர்ந்திருந்தால் பெட்ரோல் அழுத்தத்தையோ ஏர்ஃப்ளோ சென்சாரையோ சந்தேகப்பட்டிருப்பேன்.

தள்ளிப்போடாதீர்கள். அந்த அளவு வேக்யூமில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீல் உள்ளே மடங்கிக் கெட்டுவிடலாம். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

கரிப்புகை எழுதியது:

முதல் பாதி ஒப்புக்கொள்கிறேன். பி0302, அதாவது 2-ஆம் சிலிண்டர் மிஸ்ஸிங், அதோடு போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேக்யூம் லீக் நான்கு சிலிண்டரையும் பாதிக்கும், இரண்டாவதை மட்டும் தேர்ந்தெடுத்து அடிக்காது. காலைக் குளிரில் மட்டும் மிஸ்ஸிங், சூடானதும் சரி என்றால் என் பந்தயம் வால்வில் கரி. இந்த வகை இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது, இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ எதுவும் இல்லை. பிரீதரிலிருந்து வரும் ஆயில் ஆவி அங்கே படிந்து வறண்டு கரியாகிறது. டொயோட்டா டி-4எஸ் அமைப்பில் வால்வுக்கு முன்னால் இன்னொரு இன்ஜெக்டர் இருப்பதால் அந்த இன்ஜின்களில் இந்தத் தொல்லை குறைவு.

ஸ்பானர்செட் எழுதியது:

நியாயமான சந்தேகம். பிரீதரை மாற்றியபின்னும் பி0302 வந்தால், 2-ஆம் காயிலை 4-க்கும் 4-ஐ 2-க்கும் மாற்றிப் போடுங்கள். கோடு பி0304 ஆனால் காயில். ஆகாவிட்டால் அதே மாதிரி பிளக். இரண்டும் இல்லையென்றால் கம்ப்ரஷன் பார்த்துவிட்டு கரிப்புகை சொன்னதற்கு வரலாம். நான்கு காயிலையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவது வைத்தியமில்லை, குலுக்கல்.

மூன்றாம்கியர் எழுதியது:

வேறொரு பட்டறையில் செய்தேன், பக்கத்தில் நின்று பார்த்தேன். என் இன்ஜினில் பிரீதர் டேப்பெட் கவர் மேலேயே தனியாக இருக்கிறது. ஆறு திருகு, இரண்டு ஹோஸ், நாற்பது நிமிடம். பழையதைப் பிரித்தால் ரப்பரின் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கிழிசல், சுண்டுவிரல் நகம் நுழையும் அளவு. ரப்பர் தொட்டால் பிசுபிசுவென்று காய்ந்த ஜவ்வு மாதிரி. ஹோஸ் ஒன்று கழற்றும்போதே கையில் நொறுங்கியது, அதையும் சேர்த்து வாங்க வேண்டியதாயிற்று.

விசில் போனது. நடுக்கம் போனது. டிரிம் இரண்டு நாள் ஓட்டியபின் கூட்டல் 2. மெக்கானிக் டர்போ விசிறியையும் அசைத்துக் காட்டினார், உரசிய தடமே இல்லை.

ஆனால் கரிப்புகை பந்தயத்தில் ஜெயித்தார். காலை மிஸ்ஸிங் அப்படியே. காயில் மாற்றிப் போட்டேன், பிளக் மாற்றிப் போட்டேன், கோடு பி0302-ஐ விட்டு நகரவில்லை. கம்ப்ரஷன் நான்கிலும் 12 பாரை ஒட்டியே இருக்கிறது. போரோஸ்கோப்பில் (உள்ளே நுழைக்கும் சிறு கேமரா) 2-ஆம் சிலிண்டரின் இன்டேக் வால்வைக் காட்டினார்கள். அடுப்பில் பால் பொங்கிக் கருகினால் எப்படி இருக்கும், அப்படி.

இப்போது கையில் இருப்பவை: கரி, கூலண்ட், அதோடு குண்டும் குழியுமான சாலையில் முன்பக்கம் டொக் டொக். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யப் பணம் இல்லை. எது முதலில்? செலவு எவ்வளவு ஆகும் என்று எப்படி மதிப்பிடுவது?

பில்அக்கா எழுதியது:

பல வருடம் சர்வீஸ் கவுன்டரில் எஸ்டிமேட் போட்டவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன் தம்பி.

விலை இடத்துக்கு இடம் மாறும், அதனால் உங்கள் வண்டியின் ஒரு ஆயில் சர்வீஸ் பில்லை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். பிரீதர் உங்களுக்கு அதை ஒட்டித்தான் வந்திருக்கும். கரி எடுப்பதற்கு இன்டேக் மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்த் தொகுதி) கழற்றி வால்நட் ஓட்டுத்தூளைக் காற்றில் பீய்ச்சுவார்கள். பொருள் செலவு வெறும் கேஸ்கெட், மற்றதெல்லாம் மூன்று நான்கு மணி நேர லேபர். இரண்டு மூன்று சர்வீஸ் பில் வரும். பெட்ரோலில் ஊற்றும் திரவம் வால்வைத் தொடவே தொடாது, அதற்குக் காசு கொடுக்காதீர்கள். டொக் டொக் பெரும்பாலும் லோயர் ஆர்ம் புஷ், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் ரப்பர் மூட்டு. புஷ்ஷை மட்டும் அழுத்தி மாற்றலாமா, முழு ஆர்ம் போட வேண்டுமா என்பதில்தான் பில் இரட்டிப்பாகும், இரண்டு விலையையும் கேளுங்கள். ஆர்மைக் கழற்றினால் வீல் அலைன்மென்டும் கணக்கில் சேரும், இதை எஸ்டிமேட்டில் எழுத மறப்பது எங்கள் பழக்கம்.

எது முதலில் என்றால், யோசிக்கவே வேண்டாம், கூலண்ட். கரி எரிச்சல் தரும், புஷ் சத்தம் போடும், கூலண்ட் ஒரே நாளில் சிலிண்டர் ஹெட்டை வளைத்துவிடும். தரையில் சொட்டு இல்லையென்றால் பெரும்பாலும் சூடான இன்ஜின் மேல் விழுந்து ஆவியாகிறது. இந்த வகை இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் கூடும் வாட்டர் பம்ப்பும் பிளாஸ்டிக்கில் ஒன்றாக வருவதுண்டு, சூடாகி ஆறி ஆறி மூட்டு விரிசல் விடும். ஆறிய இன்ஜினில் பிரஷர் பம்ப் போட்டு 1 பார் சுற்றி ஏற்றச் சொல்லுங்கள், வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் படிந்த இடத்தைத் தேடச் சொல்லுங்கள். சூட்டில் மூடியைத் திறக்க யாரையும் விடாதீர்கள். அந்தக் கூட்டைக் கழற்றவும் மேனிஃபோல்டைத் தளர்த்த வேண்டிய இன்ஜின் என்றால் கரி வேலையையும் அன்றே முடித்துவிடுங்கள், ஒரே லேபர் இரண்டு வேலைக்கும் ஆகும். எஸ்டிமேட்டில் பொருள் ஒரு வரி, லேபர் மணி நேரம் இன்னொரு வரி என்று பிரித்துக் கேட்டால்தான் இப்படிச் சேரும் இடம் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொன்று. காலை ஸ்டார்ட்டில் ஓரிரு நொடி சங்கிலி உலுக்குகிற சத்தம் வருகிறதா? வந்தால் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், மற்ற எல்லாம் அப்புறம். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும், அப்போது வரும் பில்லுக்கு இந்த அளவுகோல் போதாது.

கரிப்புகை எழுதியது:

டூயல் கிளட்ச் ஆயில் எப்போது மாற்றியது என்று கோப்பில் பாருங்கள். ஆயிலில் மூழ்கிய கிளட்ச் என்றால் பல தயாரிப்பாளர்கள் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை என்கிறார்கள். ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று விற்றவர் சொல்லியிருந்தால், யாருடைய ஆயுள் என்று கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாம்கியர் எழுதியது:

அக்கா சொன்னபடியே. செயின் சத்தம் இல்லை, ஒரு வாரம் போனில் பதிவு செய்து கேட்டேன். பிரஷர் ஏற்றி பத்து நிமிடத்தில் தெர்மோஸ்டாட் கூட்டின் அடியில், கண்ணாடி வைத்துப் பார்த்தால் மட்டும் தெரியும் இடத்தில், இளஞ்சிவப்பாக ஒரு கோடு. மேனிஃபோல்ட் எப்படியும் இறங்க வேண்டியிருந்தது, எனவே கரியும் சேர்ந்தே முடிந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஐந்து சர்வீஸ் பில். முதல் பட்டறை எஸ்டிமேட்டில் பாதிகூட இல்லை, அந்த எஸ்டிமேட்டில் கூலண்ட் என்ற சொல்லே கிடையாது.

இன்றோடு பன்னிரண்டு நாள். காலையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட், லைட் வரவில்லை, கூலண்ட் கோட்டில் நிற்கிறது. ஆயில் எவ்வளவு குடிக்கிறது என்று 1,000 கி.மீ. ஓட்டியபின் எழுதுகிறேன். டொக் டொக் அடுத்த மாதம். கோப்பில் 57,000 கி.மீ.யில் ஒரு கியர் ஆயில் பில் இருக்கிறது, அதற்கப்புறம் கார் வாஷ் ரசீதுகள்தான்.