‘ஜிஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன?

மேலூர் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காக எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு துண்டறிக்கை போடுகிறோம். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கண்மாய்க்கரைப் பொட்டலில் வயல் நெட்டைக்காலியும் புதர் வானம்பாடியும் ஒன்றாகத்தான் மேய்கின்றன. இரண்டும் தவிட்டு நிறம், இரண்டுக்கும் நெஞ்சில் கீற்று. பழகியவர்கள் பைனாகுலரை எடுக்கும் முன்பே இன்னதென்று சொல்லிவிடுகிறார்கள். பார்த்தவுடன் பறவையை அடையாளம் காட்டிவிடும் அந்த மொத்தத் தோற்றத்தை ஆங்கிலத்தில் ‘ஜிஸ்’ என்கிறார்கள். ‘சாயல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

திருப்பரங்குன்றம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, ‘சாயல் மென்மை’ என்பது தொல்காப்பிய உரியியல். மயிலுக்குச் சாயல் பொருந்தும், பொட்டலில் ஓடுகிற குருவிக்குப் பொருந்துமா? குருவி என்றதும் குறுந்தொகை 46 நினைவுக்கு வருகிறது. ‘ஆம்பற் பூவின் சாம்பல் அன்ன கூம்பிய சிறகர் மனை உறை குரீஇ.’ இங்கே சாம்பல் அடுப்புச் சாம்பல் அல்ல, சாம்பிய பூ, அதாவது வாடிய பூ. சிட்டின் சிறகு நிறத்தை இதைவிட யார் சொல்லிவிட முடியும்! நிற்க. என் பரிந்துரை ‘மெய்ப்பாடு’. உள்ளே இருப்பது உடம்பில் தெரிவதுதானே அது.

வண்டியூர் பறவை நோக்கர்:
ஐயா, நகை, அழுகை, இளிவரல் என்று எட்டு மெய்ப்பாட்டையும் நெட்டைக்காலியிடம் தேடச் சொல்கிறீர்களா? பிள்ளைகள் பயந்துவிடும். அப்புறம், ‘ஜிஸ்’ஸுக்கே ஒழுங்கான வேர் கிடையாது. போர்க்காலத்தில் விமானங்களை அடையாளம் காண வைத்த முதலெழுத்துச் சுருக்கம் என்று ஒரு கதை சுற்றுகிறது. கவர்ட் என்ற ஆங்கிலேயர் 1922-லேயே புத்தகத்தில் எழுதிவிட்டார், இரண்டாம் உலகப் போருக்கு முன்பே. அதனால் நாமும் வேர் தோண்ட வேண்டாம். ‘ஜாடை’ போடுங்கள். ‘அப்பன் ஜாடை’ என்றால் மதுரையில் புரியாதவர் உண்டா?

திருப்பரங்குன்றம்:
கிரந்த எழுத்தா? ‘சாடை’ என்று எழுதினாலும் அது தெலுங்கு ‘ஜாட’தான். அங்கே தடம், சுவடு என்று பொருள்.

திருமங்கலம், மொழிபெயர்ப்பாளர்:
சாயல், ஜாடை இரண்டிலும் எனக்குள்ள சிக்கல் வேறு. இரண்டுமே ஒன்று இன்னொன்றைப் போல இருப்பதைச் சொல்பவை. நமக்கு வேண்டியது வேற்றுமை. ‘வாகு’ எப்படி? உடல்வாகு என்கிறோமே.

திருப்பரங்குன்றம்:
வீரவாகுவில் உள்ள வாகு வடமொழிப் பாகு, தோள். குருவிக்கு ஏது தோள்?

திருமங்கலம்:
உடல்வாகு என்று சொல்கிறவர் யாரும் தோளை நினைத்துச் சொல்வதில்லை ஐயா.

மேலூர் ஆசிரியை:
இன்று காலை பிள்ளைகளைக் கண்மாய்க்குக் கூட்டிப்போனேன். வாகு கொஞ்சம் உதவியது. நெட்டைக்காலி ஒல்லி, வால் நீளம். வானம்பாடி குட்டை வாலும் தடித்த அலகுமாகக் குண்டாக இருந்தது. ஆனால் ஒரு பையன் கண்டுபிடித்தது அதை வைத்து அல்ல. “டீச்சர், அது நாலு எட்டு ஓடி நின்னு வாலை ஆட்டுது. இது தரையோட பம்முது” என்றான். சொல்லி முடிப்பதற்குள் பம்மிய பறவை மேலே எழும்பிப் பாடிக்கொண்டே, காலைத் தொங்கவிட்டு, சிறகை விரித்தபடி ஒரு கருவேலஞ்செடியில் இறங்கியது. இதெல்லாம் வாகில் அடங்குமா? சொல்லுக்குள் அசைவும் வர வேண்டும்.

வண்டியூர்:
அப்படியானால் ‘நடை உடை பாவனை’ என்று நாமே காலங்காலமாகச் சொல்கிறோமே! ஓட்டமும் வாலாட்டமும் நடை, இறகு உடை, நிற்கும் விதம் பாவனை.

திருப்பரங்குன்றம்:
பாவனை வடமொழி. அதில் பாசாங்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை வெட்டிவிட்டால் ‘நடையுடை’க்கு எனக்குத் தடையில்லை. இறகுதிர்ப்பை உடைமாற்றம் என்றும் சொல்லலாம்.

திருமங்கலம்:
அது வேறு இழை ஐயா, தயவுசெய்து இப்போது வேண்டாம். நடையுடை என்றால் எனக்கு மாப்பிள்ளை பார்க்கப் போவது போல இருக்கிறது. வாகு இரண்டே எழுத்து.

மேலூர் ஆசிரியை:
வியாழன் இரவு பத்தரை ஆகிவிட்டது. நடையுடைக்கு நான்கு பேர், சாயலுக்கு இரண்டு பேர், வாகுக்கு ஒருவர். ‘நடையுடை’ என்று அனுப்பிவிட்டேன். அட்டவணைக் கட்டத்தில் இடம் போதாததால், தட்டச்சு செய்கிற தம்பி அங்கே மட்டும் ‘நடை’ என்று சுருக்கியிருக்கிறார். விட்டுவிட்டேன்.

திருமங்கலம்:
எனக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள் டீச்சர். அதில் பேனாவால் ‘வாகு’ என்று திருத்திக்கொள்கிறேன்.