மறு: கஹோன் பெட்டிக்குள் இருக்கும் கம்பிக்கு என்ன பெயர்?

தமிழ்ச் சொல் தேடும் குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

கஹோன் என்ற மரப்பெட்டி வாத்தியத்துக்குள் இருக்கும் ‘ஸ்னேர்’ கம்பிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. வந்த சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, செய்து முடித்த பெட்டியின் மேல் உட்கார்ந்து தட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம் வந்துவிடும். கடைப்பலகை மலையாளத்தில் இருக்கும், வீட்டுப் பேச்சு தமிழில் இருக்கும். இங்கே தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் சிலருக்கு விடுமுறையில் கஹோன் செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். செய்முறையைத் தமிழில் எழுதித் தரலாம் என்று உட்கார்ந்தால், பலகை, ஆணி, பசை எல்லாம் சரளமாக வந்தது. ஸ்னேர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

பெயர் வைக்கும் முன் அது என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வந்த பதில்களில் பாதி, பொருளைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்து எழுதியவை.

கஹோன் என்பது உட்கார்ந்து வாசிக்கிற மரப்பெட்டி. உயரம் சுமார் 48 செ.மீ., அகலமும் ஆழமும் 30 செ.மீ. பக்கங்களுக்கும் மேலுக்கும் கீழுக்கும் 12 மி.மீ. பிளைவுட் போட்டோம். முகப்புக்கு மட்டும் 3 மி.மீ. இந்த மெல்லிய முகப்பில்தான் எல்லாச் சத்தமும் பிறக்கிறது. பின்பலகையில் 11 செ.மீ. அளவுக்கு ஒரு வட்டத் துளை. முகப்பை நடுவுக்குச் சற்று மேலே உள்ளங்கையால் தட்டினால், உள்ளிருக்கும் காற்று அந்தத் துளை வழியே போய் வந்து கனமான ‘தொம்’ கிடைக்கும். மேல் மூலையில் விரல்களால் தட்டினால் ‘சட்’ என்று கூர்மையாக வரும். மிருதங்கக்காரர் ஒருவருக்கு விளக்க வேண்டுமானால், இடப்பக்கத் தொப்பியும் வலப்பக்க வலந்தலையும் ஒரே பலகையில் இருக்கின்றன என்று சொல்லலாம்.

அந்த மூலைச் சத்தத்தோடு ஒரு சலசலப்பைச் சேர்ப்பதுதான் ஸ்னேர். சுருள் சுருளாக முறுக்கிய மெல்லிய எஃகுக் கம்பிகள், ஒரு தகட்டில் வரிசையாகப் பற்றவைத்தது. 20 கம்பி உள்ள ஒன்றைக் கோயம்புத்தூரில் வாங்கி, நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்துப் பத்தாகப் பிரித்தோம். பெட்டிக்குள் மேலே குறுக்காக ஒரு மரக்கட்டை, அதில் இந்த இரண்டு பாதிகளும். கம்பிகளின் நுனி முகப்பின் உட்புறத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். பலகை அதிரும்போது கம்பி விலகி, திரும்ப வந்து மோதும். அந்த மோதல்தான் சத்தம்.

முதல் பெட்டியில் கம்பியை அழுத்தமாக வைத்துவிட்டேன். தொம் என்று வர வேண்டிய இடத்திலும் சலசலப்பு ஏறிக்கொண்டது. பெட்டியைக் கழற்றவும் முடியவில்லை, ஏனென்றால் முகப்பின் நான்கு ஓரத்துக்கும் பசை போட்டிருந்தேன். மேல் ஓரத்துக்குப் பசை போடக் கூடாது, திருகாணி மட்டும்தான். அதைத் தளர்த்தி முறுக்கித்தான் மூலைச் சத்தத்தைச் சரிசெய்ய முடியும். கடைசியில் பின்துளை வழியே கையை விட்டு ஒரு துணித்துண்டைக் கம்பிக்கு நடுவில் செருகி அடக்கினோம். இரண்டாவது பெட்டியில் கட்டையை ஒரு நூல் அளவு பின்னால் தள்ளினோம், சரியாகிவிட்டது.

இனி உங்கள் சொற்கள்.

‘கண்ணி’ என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். ஸ்னேர் என்றால் பறவை பிடிக்கிற கண்ணி என்று அகராதி சொல்கிறது, உண்மைதான். ஆனால் மேளத்தில் இருக்கும் ஸ்னேர் அந்தப் பொருளில் வரவில்லை. டச்சு மொழியில் ‘ஸ்னார்’ என்றால் தந்தி, நரம்பு. மேளத்துக்கு வந்தது அந்தப் பொருள்தான். கண்ணி என்று பிள்ளைகளிடம் சொன்னால், எது எதில் மாட்டுகிறது என்று கேட்பார்கள். என்னிடம் பதில் இல்லை.

‘அதிர்நரம்பு’ கெட்ட சொல் இல்லை. வீணையில் இருப்பதும் அதிர்கிற நரம்புதான் என்பதுதான் எனக்குள்ள தடை. அங்கே நரம்பு தானே பாடுகிறது, இங்கே அடுத்தவர் சத்தத்தோடு ஒட்டிக்கொண்டு ஒலிக்கிறது. அந்த வேறுபாடு சொல்லில் இல்லை.

‘ஜீவா’ என்று எழுதிய ஐயாவுக்குத் தனியாக நன்றி. தம்புராவின் குதிரைமேல், தந்திக்கு அடியில் வைக்கிற நூல் அது. நூலை இம்மி நகர்த்தினால் தந்தியின் ஒலி விரிந்து ரீங்காரமாகிறது. மெல்லிய ஒரு பொருள் பெரிய பொருளின் ஒலியைத் தொட்டு மாற்றுகிறது என்ற வகையில் நெருங்கிய உறவுதான். இந்த வழியில் யோசித்தபோது இன்னும் சில கிடைத்தன. மிருதங்கத்தின் வலந்தலையில் தோல்களுக்கு இடையே குச்சித் துணுக்கு செருகினால் குச்சி மிருதங்கம், கல் சில்லு வைத்தால் கப்பி மிருதங்கம். எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஒலிக்கும் இடக்காவிலோ வாய்க்குக் குறுக்கே, தோலுக்கு அடியில் மெல்லிய நார் இழுத்துக் கட்டியிருக்கும். ஆக, ஸ்னேர் நமக்குப் புதிய பொருளே இல்லை. இரும்பில் பார்ப்பதுதான் புதிது. இதை உணர்ந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! ஜீவாவை ஏற்கத் தயங்குவதற்கு ஒரே காரணம், பிள்ளைகளின் காதில் அது நாகசுரத்தின் ஊதுமுனையான சீவாளியோடு கலந்துவிடும் என்பதுதான்.

என் முன்மொழிவு: சல்லி.

இது என் மூளையில் உதித்ததல்ல. முதல் பெட்டியை மூடிய அன்று, பலகை அறுத்துக் கொடுத்த ஆசாரி தட்டிப் பார்த்துவிட்டு, “என்ன மாஷே, உள்ளுக்குள்ள சல்லு சல்லுங்குது?” என்றார். அன்று இரவு படுக்கையில்தான் நினைவு வந்தது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், அரங்கேற்று காதையில் தோற்கருவிகளை வரிசையாகச் சொல்கிறார். பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை, மத்தளம் என்று போகும் அந்த வரிசையில் மத்தளத்துக்கு அடுத்து வருவது சல்லிகை. சல் என்ற ஓசை உடையதால் சல்லிகை என்று காரணமும் சொல்கிறார். அதே இடத்தில் கரடி கத்துவது போல் ஒலிப்பதால் கரடிகை என்கிறார். காதில் விழுந்ததை வைத்தே கருவிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆசாரி அந்த உரையைப் படித்தவர் இல்லை. அவர் காதுக்கும் அதே ‘சல்’தான் கேட்டிருக்கிறது.

இன்னொரு பக்கம் சல்லிவேர் இருக்கிறது. நெல்லைப் பிடுங்கினால் அடியில் கொத்தாகத் தொங்குமே, அதுதான். ஸ்னேர் கம்பிகளை வெட்டிக் கையில் பிடித்தால் அப்படியே அந்தத் தோற்றம். ஓசையும் உருவமும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது வேறெங்கே தேட வேண்டும்? சல்லிக்கல்லும் சல்லிக்காசும் இருக்கின்றனவே என்று யாராவது கேட்கக்கூடும். குழப்பம் வரும் இடத்தில் சல்லிக்கம்பி என்று முழுதாக எழுதலாம்.

பெட்டியின் பெயரைப் பற்றியும் ஒன்று. ‘சல்லிப்பறை’ என்று மொத்தக் கருவிக்கும் பெயர் வைக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. கஹோன் பெரு நாட்டுக் கடற்கரையில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களிடம் பிறந்தது. சரக்குப் பெட்டியையும் இழுப்பறையையும் தட்டி இசைத்தார்கள். அந்தப் பெட்டியில் கம்பி கிடையாது, இன்றும் பெருவின் மரபான கஹோனில் கிடையாது. 1970களின் பிற்பாதியில் கித்தார் கலைஞர் பாக்கோ தெ லூசியா அதை ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார். ஃபிளமெங்கோ என்ற ஸ்பானிய இசைக்காக அங்கேதான் உள்ளே கம்பி சேர்ந்தது. 2001இல் பெரு அரசு கஹோனைத் தன் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. பின்னால் சேர்ந்த கம்பியை வைத்துக் கருவிக்கே பெயர் வைத்தால், முதலில் செய்தவர்களின் பெட்டிக்குப் பெயர் இல்லாமல் போய்விடும். அதனால் கருவி பெட்டிமுழவு, கம்பி வைத்தது சல்லிப் பெட்டிமுழவு. குடமுழவு என்று ஒரு சொல் இருக்கிறதல்லவா, அதே கட்டுமானம். முகப்பை முகப்பலகை எனலாம், அதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து

---

தம்பிக்கு வணக்கம்.

சல்லி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. மறுபேச்சு இல்லை. முழவுதான் இடிக்கிறது.

முழவு என்றால் தோல் போர்த்த, வயிறு பருத்த கருவி. பலாப்பழத்தையும் பனையின் அடிமரத்தையும் முழவுக்கு ஒப்பிட்டுப் பாடியிருக்கிறார்கள். சதுரமான, தோலே இல்லாத பெட்டியை அப்படிச் சொல்வதற்கு எனக்கு நா வரவில்லை. நீங்கள் சொன்ன குடமுழவிலும் வாயில் தோல் உண்டு.

நான் நாகர்கோவில்காரி. வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவள். அங்கே வில், உடுக்கை, தாளம், கட்டை இவற்றோடு ஒரு மண்குடமும் இருக்கும். குடத்தின் வாயில் பத்தி என்ற மட்டையால் அடித்தால் வரும் சத்தம், நீங்கள் சொன்ன அதே ‘தொம்’. காற்று வாய் வழியே போய் வருவதும் அதே கணக்குத்தான். அதை யாரும் முழவு என்று சொல்வதில்லை. குடம், அவ்வளவுதான். கஹோன் என்ற ஸ்பானியச் சொல்லும் பெட்டி என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லையே. வெறும் பெட்டி என்றால் நமக்கு ஆர்மோனியமும் சுருதிப்பெட்டியும் நினைவுக்கு வரும், அதனால் ஒரு ஒட்டு வேண்டும். எங்கள் ஊரில் அடிக்கிற எதுவும் கொட்டுதான். உங்கள் மலையாளத்திலும் கொட்டுதானே? பெட்டிக்கொட்டு என்று வைத்துப் பாருங்கள். திருப்பிப் போட்டுக் கொட்டுப்பெட்டி என்று மட்டும் வேண்டாம், வெற்றிலை வைக்கும் ஓலைக் கொட்டப்பெட்டி ஞாபகம் வந்துவிடும்.

அக்கா,
நாகர்கோவிலிலிருந்து

---

அக்காவுக்கு,

உங்கள் மடல் வந்த அன்றே பிள்ளைகளிடம் இரண்டு சொல்லையும் கொடுத்துப் பார்த்தேன். பெட்டிமுழவு என்றதும் இரண்டு பேர் முழவு என்றால் என்ன என்று கேட்டார்கள். பெட்டிக்கொட்டு என்றதும் யாரும் எதுவும் கேட்கவில்லை, ஒருவன் உடனே தட்ட ஆரம்பித்துவிட்டான். முழவை நான் விட்டுவிடுகிறேன். தோல் பற்றி நீங்கள் சொன்னதும் சரி. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, உலோகத்தால் ஆன கஞ்சக்கருவி என்று நாம் பிரித்து வைத்திருக்கும் நான்கில் இந்தப் பெட்டி எதிலும் அடங்கவில்லை. மரமே அதிர்கிறது, கம்பி இருந்தும் மீட்டுவதில்லை. தோலைக் குறிக்காத ‘கொட்டு’ அதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

வில்லுப்பாட்டுக் குடத்தை நான் யோசிக்கவே இல்லை. செய்முறைக் குறிப்பில் பின்துளையை விளக்கும் இடத்தில் அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். வாய் அடைத்த குடத்தில் சத்தம் எழாது என்று சொன்னால், பின்துளையைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது என்பது பிள்ளைகளுக்குத் தானே புரியும்.

பெருவெம்பில் தோல்வாத்தியம் செய்கிற ஒருவரிடம் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். மிருதங்கமும் செண்டையும் மத்தளமும் செய்கிற ஊர் அது, எங்களுக்குப் பக்கம்தான். முகப்பலகையைத் தட்டிவிட்டு, முதலில் கேட்டது மரம் என்ன என்பதுதான். பிளைவுட் என்றதும் கொஞ்சம் முகம் சுளித்தார். பக்கங்களையாவது பலாவில் செய்து பார் என்றார். பிறகு துளை வழியே கையை விட்டுக் கம்பியைத் தொட்டவர், இடக்காவின் நாரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நார் எந்த அளவுக்கு இழுபட வேண்டும், மழைக்காலத்தில் தோல் எப்படித் தளர்ந்துபோகும் என்று அரை மணி நேரம் போனது. நான் ஸ்னேர் என்ற சொல்லை அவரிடம் சொல்லவே இல்லை. சல்லி என்றேன், கையைக் கம்பியில் வைத்தபடி “சல்லி, சரி” என்றார். மலையாளத்திலும் சல்லி என்றால் பொடிக்கல், அதனால் சொல் அவருக்கு அந்நியமாக இல்லை.

அப்படியானால் நம் குழுவின் சொற்பட்டியலில் சேர்க்க வேண்டியவை: கஹோனுக்குப் பெட்டிக்கொட்டு, ஸ்னேருக்குச் சல்லி அல்லது சல்லிக்கம்பி, கம்பி வைத்த கஹோனுக்குச் சல்லிப் பெட்டிக்கொட்டு, முன்பக்கத்துக்கு முகப்பலகை, கம்பியைத் தாங்கும் குறுக்குக் கட்டைக்குச் சல்லிக்கட்டை. பட்டியலைப் பராமரிப்பவர் யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. முகப்பலகையின் மேல் இரண்டு மூலையும் பசை இல்லாமல், திருகாணியைச் சற்றுத் தளர்த்தி, தட்டும்போது சட்டத்தில் போய் அறையும்படி விட்டிருக்கிறோம். பெட்டியின் பாதிக் குணம் அந்த மூலையில் இருக்கிறது. குறிப்பில் இப்போதைக்கு ‘அறைமூலை’ என்று எழுதியிருக்கிறேன். ஆனால் அறை என்றதும் பிள்ளைகள் உள்ளே இருக்கும் காலி இடத்தை நினைக்கிறார்கள். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள், அடுத்த சனிக்கிழமை மூன்றாவது பெட்டிக்குப் பலகை அறுக்கிறோம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து