பனியை விட்டுத் தெற்கே: நானும் இவரும் காரில் போன ஆறு நாள்

குளிர்காலத்தில் காரில் தெற்கே போன கதைகளை ஒவ்வொருவராகச் சொல்லி வருகிறீர்கள். என் பங்குக்கு நானும் சொல்கிறேன். போன ஜனவரியில் நானும் இவரும் மட்டும் டொராண்டோவிலிருந்து ஃபுளோரிடாவின் கிரிஸ்டல் ரிவர் வரை காரில் போனோம். 2,000 கிலோமீட்டருக்கு மேல். இவருக்கு 66 வயது, எனக்கு 62. பனிக்காலம் வந்துவிட்டால் இவரால் முழங்காலை மடக்கி ஒரு செருப்புக்கூடப் போட முடியாது. விமானத்தில் போங்கள், மூன்று மணி நேரம்தான் என்று பிள்ளைகள் சொன்னார்கள். "அங்க இறங்கினாலும் கார் வேணும். நம்ம காரிலேயே போயிடலாம்" என்றார் இவர். இருபத்தைந்து வருடமாக வேலைக்குப் போய்வந்த சாலையைத் தவிர வேறு சாலையை நிதானமாகப் பார்க்காத மனிதர். சரி என்றேன்.

வழி ரொம்ப எளிது. 401 நெடுஞ்சாலையில் விண்ட்ஸர் வரை. பாலம் தாண்டினால் டெட்ராய்ட். அப்புறம் ஐ-75 நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஃபுளோரிடா வரை அதே சாலை. வடக்கு மிச்சிகனில் தொடங்கி மயாமி அருகே முடிகிறது, கிட்டத்தட்ட 2,900 கிலோமீட்டர். தூங்காமல் மாறி மாறி ஓட்டி இரண்டே நாளில் இறங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் நான்கு நாள் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினோம், ஆறு நாள் ஆனது. அந்த இரண்டு நாள் எப்படிக் கூடியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

முதல் நாள் காலை மைனஸ் 18. வண்டியைக் கிளப்பியதுமே டயர் காற்று குறைவு என்று மஞ்சள் விளக்கு எரிந்தது. குளிர் ஐந்தாறு டிகிரி கூடினால் டயரில் காற்றழுத்தம் சுமார் ஒரு பிஎஸ்ஐ இறங்கும். இவர் காற்றடித்துக்கொண்டு வந்தார். விளக்கு அணைந்தது, மதியத்துக்குள் மறுபடி எரிந்தது. லண்டனை நெருங்கும்போது (நம் ஒன்டாரியோ லண்டனைச் சொல்கிறேன்) ஸ்னோ ஸ்குவால் பிடித்துக்கொண்டது. ஹியூரன் ஏரியின் மேல் வருகிற குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரை தாண்டி பனியாகக் கொட்டும். அது ஊர் முழுக்கப் பெய்வதில்லை, ஒரு பட்டையாக வரும். நல்ல வெயிலில் போய்க்கொண்டிருந்தோம், ஐந்து நிமிடத்தில் முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கே மறைந்துவிட்டது. இவர் கை ஸ்டியரிங்கில் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். "என்னங்க, ஓரமா நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டேன். நல்லவேளை, இவர் கேட்கவில்லை. ஊர்ந்துகொண்டே போய் அடுத்த ஓய்வு நிலையத்துக்குள் திருப்பினார்.

அங்கேதான் ஒரு டிரக் ஓட்டுநரைச் சந்தித்தோம். பஞ்சாபிக்காரர், முப்பது வயதுகூட இருக்காது. நான் சொன்னதைக் கேட்டதும் தலையை ஆட்டினார். "ஆன்ட்டி, ஓரத்துல மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீங்க. பின்னால வர்றவன் உங்க விளக்கைப் பார்த்து, அதுதான் சாலைன்னு நினைச்சு நேரா வந்து மோதுவான்" என்றார். எனக்குக் குலை நடுங்கியது. அப்புறம் தன் போனில் ஒன்டாரியோ 511 பக்கத்தைத் திறந்து, வழியில் இருக்கிற சாலை கேமராக்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு படத்தில் வெறும் வெள்ளை. அடுத்ததில் கறுப்பாகக் காய்ந்த தார்ச்சாலை. "இந்தப் பட்டை நகரணும், அவ்வளவுதான்" என்று சொல்லி, ஃபிளாஸ்க்கிலிருந்து ஏலக்காய் போட்ட டீயை எங்கள் இரண்டு பேருக்கும் ஊற்றினார். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவர் வீட்டுக் கதை எல்லாம் கேட்டாயிற்று. மனைவி பிராம்ப்டனில், ஒன்பது மாதக் குழந்தை, வாரத்தில் ஒன்றரை நாள்தான் பார்க்கிறார். இருட்டிவிட்டதால் அன்றைக்கு லண்டனிலேயே தங்கினோம். ஒரு நாள் போனது இப்படி.

மறுநாள் அம்பாசடர் பாலம். 1929இல் திறந்த பாலம், மேலிருந்து பார்த்தால் ஆற்றில் பனிக்கட்டிகள் தட்டுத் தட்டாக மிதக்கின்றன. எல்லை அதிகாரி எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, பழம், காய், செடி எதுவும் இருக்கிறதா என்றார். என் பையில் ஒரு கவர் கறிவேப்பிலை. ஆறு வாரம் இல்லாமல் எப்படி இருப்பது என்று வைத்திருந்தேன். மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். வாங்கி வைத்துக்கொண்டார். திட்டவில்லை, அபராதமும் இல்லை. "இது ஆரஞ்சுக் குடும்பத்துச் செடி. ஆரஞ்சு மரங்களைக் கொல்கிற நோயைப் பரப்பும் பூச்சி இதிலும் வாழும்" என்று பொறுமையாக விளக்கினார். நாற்பது வருடமாகத் தாளித்துக்கொண்டிருக்கிறேன், கறிவேப்பிலைக்கும் ஆரஞ்சுக்கும் உறவு என்று அன்றுதான் தெரியும். நீங்கள் போனால் எதையும் மறைக்காதீர்கள், கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒஹையோ தட்டை. சாம்பல் வானம், சாம்பல் வயல், அவ்வளவுதான். சின்சினாட்டியில் ஆற்றைத் தாண்டிக் கென்டக்கிக்குள் நுழைந்ததும் ஃப்ளோரன்ஸ் என்ற ஊரில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி தெரியும். அதில் 'ஃப்ளோரன்ஸ் யால்' என்று எழுதியிருக்கும். 1970களில் வரப்போகிற கடைவளாகத்துக்காக 'ஃப்ளோரன்ஸ் மால்' என்று எழுதினார்களாம். அது விளம்பரம், கூடாது என்று வந்துவிட்டது. ஒரே ஒரு எழுத்தை மாற்றி 'யால்' ஆக்கிவிட்டார்கள். 'நீங்க எல்லாரும்' என்பதற்குத் தெற்கத்திப் பேச்சு அது. அன்றிரவு அங்கேயே தங்கினோம். வரவேற்பில் இருந்த பெண்ணும் எங்களை அப்படித்தான் கூப்பிட்டார். தெற்கே வந்துவிட்டோம் என்று முதலில் காதுதான் சொன்னது. வெளியே இன்னும் மைனஸ் 6.

மூன்றாம் நாள் டென்னஸிக்குள் நுழைந்து ஜெல்லிக்கோ மலை ஏறி இறங்கினோம். நாக்ஸ்வில் தாண்டும்போது மாலை. பனி இல்லை, மழைத் தூறல். அதுவரை காய்ந்திருந்த காற்றில் முதல் தடவையாக மண் வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் விளக்கு மின்னுகிற பலகைகள், மூடுபனி எச்சரிக்கை. இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டினால் சட்டனூகா. ஓட்டிவிடலாம் என்றார் இவர். இந்தத் தடவை நான் விடவில்லை. ஏதென்ஸ் என்ற ஊரில் இறங்கி ஒரு மோட்டலில் அறை எடுத்தோம்.

அறைச் சாவி கொடுத்த பெரியவர், நல்ல காரியம் செய்தீர்கள் என்றார். கொஞ்சம் தெற்கே ஐ-75 ஹைவாஸி ஆற்றைக் கடக்கிறது. 1990 டிசம்பர் 11 காலை அங்கே மூடுபனிக்குள் 99 வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக மோதி 12 பேர் இறந்துபோனார்கள். அதற்கப்புறம்தான் மூடுபனியை அளக்கிற கருவிகளும் அதை வைத்து எச்சரிக்கிற ஏற்பாடும் வந்தன. இவர் ஒன்றும் பேசவில்லை. அறைக்குப் போனதும், "இனிமே நீ நிறுத்துன்னா நிறுத்திடறேன்" என்றார். லண்டனில் நான் சொன்னது தப்பு, இங்கே சொன்னது சரி. இரண்டையும் சொல்லிக்கொண்டோம்.

மறுநாள் காலை உணவு மேசையில் மிச்சிகன் தம்பதி. கணவருக்கு எண்பதுக்கு மேல், கைத்தடி. பல வருடமாக இதே சாலையில் தெற்கே போகிறார்களாம். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாரைகளைப் பார்க்காமல் போகாதே" என்றார். பனி விலகப் பத்து மணி ஆகும், எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும். போனோம்.

ஐ-75ஐ விட்டு மேற்கே சின்னச் சாலைகள். ஹைவாஸி ஆறு டென்னஸி ஆற்றோடு சேர்கிற இடத்தில் ஒரு சரணாலயம். சாண்ட்ஹில் நாரைகள் குளிர்காலத்தில் அங்கே ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. முதலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, பனிமூட்டத்துக்குள்ளிருந்து சத்தம்தான் வந்தது. கொம்பு ஊதுகிற மாதிரியும் கதவுக் கீல் கிறீச்சிடுகிற மாதிரியும் ஒரு சத்தம், ஒன்று தொடங்க நூறு பதில் சொல்கிறது. அப்புறம் பனி மெல்லக் கிழிந்தது. அறுவடை முடிந்த வயல் முழுக்கச் சாம்பல் நிறத்தில் நாரைகள். நெற்றியில் மட்டும் குங்குமம் தீற்றிய மாதிரி சிவப்பு. நான்கடி உயரம் இருக்கும். ஆணும் பெடையும் ஆயுளுக்கும் பிரியாதாம். அந்த வருடத்துக் குஞ்சையும் கூட்டிக்கொண்டு மூன்று மூன்றாகத்தான் மேய்கின்றன. குஞ்சுக்கு நெற்றிச் சிவப்பு இன்னும் வந்திருக்காது, அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இவர் காரைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். முழங்கால் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பக்கத்திலேயே பிளைத் ஃபெர்ரி. 1838இல் செரோக்கி என்ற பூர்வகுடி மக்களைச் சொந்த நிலத்திலிருந்து மேற்கே விரட்டியபோது அவர்களில் பல ஆயிரம் பேர் ஆற்றைக் கடந்த துறை. குடும்பங்களின் பெயர்களைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நடுக்குளிர்காலத்தில் குழந்தைகளோடும் கிழவர்களோடும் நடந்துபோனவர்கள். நாங்கள் ஹீட்டர் போட்ட காரில் வெயில் தேடிப் போகிறவர்கள். கல்லில் கை வைத்து அந்தப் பெயர்களைக் கொஞ்ச நேரம் படித்தேன். அன்றைக்கு அதற்கு மேல் வேகமாக ஓட்ட இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. ஜார்ஜியா எல்லை தாண்டியதும் டால்டனில் தங்கிவிட்டோம். இரண்டாவது நாள் கூடியது இப்படி.

ஐந்தாம் நாள் அட்லாண்டா. நெரிசல், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மேக்கனுக்குத் தெற்கே பெட்ரோல் போட நிறுத்தியபோது டயர் விளக்கு தானாக அணைந்திருந்தது. வெளியே 14 டிகிரி. இவர் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கிளம்பியதிலிருந்து போட்டிருந்த தடிக் கோட்டைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டேன். கார் முழுக்க ஒன்டாரியோ உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. தண்ணீர்க் குழாய் வைத்த கழுவுமிடத்தில் இவரே நின்று, சக்கரத்துக்கு உள்பக்கம் வரை கழுவினார். உப்பை அப்படியே விட்டால் அடிப்பகுதி துருப்பிடித்துவிடும். அந்த வெள்ளைத் தண்ணீர் ஓடிப்போவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

ஃபுளோரிடாவுக்குள் நுழைந்ததும் வரவேற்பு மையம். சின்னக் கோப்பையில் ஆரஞ்சுச் சாறு இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஊற்றிக்கொடுத்த அம்மாவிடம் கறிவேப்பிலைக் கதையைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அவருடைய அப்பா ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தவராம். 2005இல் அந்த நோய் மாநிலத்துக்குள் வந்தது. இலை மஞ்சளாகும், காய் பச்சையாகவே கோணிக்கொண்டு உதிரும், மருந்து கிடையாது. இன்றைக்கு ஃபுளோரிடாவில் காய்க்கிற ஆரஞ்சு முன்பு காய்த்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. "கொடுத்துட்டு வந்தீங்களே, அதுக்கு நன்றி" என்றார். ஒரு கவர் இலைக்கு அப்படி ஒரு நன்றி. எனக்குத் தொண்டை அடைத்தது.

கிரிஸ்டல் ரிவரில் நாங்கள் கண்விழித்த முதல் காலை 3 டிகிரி. இவ்வளவு தூரம் வந்தும் குளிரா என்று நான் வருத்தப்பட்டேன். விடுதிக்காரர் உடனே நீரூற்றுக்குப் போகச் சொன்னார், இப்படிப்பட்ட காலைதான் மானட்டிக்கு நல்லதாம். மானட்டி என்றால் கடற்பசு, நம் பாக் நீரிணை ஆவுளியாவுக்குச் சொந்தம். தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் அதற்குத் தாங்காது. கடல் குளிர்ந்ததும் வருடம் முழுக்க 22 டிகிரியில் இருக்கிற ஊற்றுகளுக்கு ஏறி வந்துவிடும்.

த்ரீ சிஸ்டர்ஸ் ஊற்றைச் சுற்றி மரப்பாலம் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் மேல் ஆவி. கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீருக்கு அடியில் பாறைகள் கிடப்பதாக நினைத்தேன். அதில் ஒரு பாறை மெல்ல மேலே வந்து, இரண்டு மூக்குத் துளைகளை மட்டும் வெளியே நீட்டி, நீளமாக ஒரு மூச்சு விட்டது. பெரியவர்கள் தூக்கத்தில் விடுகிற பெருமூச்சு மாதிரி. பக்கத்தில் அதன் குட்டி, அதுவும் ஒரு சின்ன மூச்சு. தாயின் முதுகில் வரிவரியாக வெள்ளைத் தழும்புகள், படகு விசிறி வெட்டியவை. அந்தத் தழும்புகளை வைத்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொன்றையும் அடையாளம் வைத்திருக்கிறார்களாம்.

வெயில் மரத்துக்கு மேல் ஏறி வந்தது. இவர் கையுறைகளைக் கழற்றிக் கோட்டுப் பையில் திணித்துவிட்டு, வெறுங்கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, "திரும்பற வழியில அந்த நாரைகளை மறுபடியும் பார்த்துட்டுப் போலாமா?" என்றார்.