ராமேஸ்வரம் பக்கம் பழைய வீடு மாதிரி தங்குற இடம் வேணும்

கீழக்கரைல இருந்து எழுதுறேன். பினாங்குல இருக்க எங்க பெரிய மாமாவும் மாமியும் ஜனவரி 10 வர்றாங்க, மூணு ராத்திரி. மாமாவுக்கு ஹோட்டல்னா பழசா, அதுக்குன்னு ஒரு முகம் இருக்கணும். பினாங்குல 1885ல ஆரம்பிச்ச ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல், கொழும்புல 1864ல தொறந்த கால் ஃபேஸ், இந்த ரெண்டையும் பத்தி பேச ஆரம்பிச்சாருன்னா சோறு ஆறிரும். கால் ஃபேஸ்ல கடலைப் பாத்துக்கிட்டு டீ குடிச்சதையே பத்து வருசமா சொல்றாரு.

ராமேஸ்வரத்துல ஏழு லாட்ஜ் பாத்துட்டேன், எல்லாம் ஒரே டைல்ஸ், ஒரே டியூப்லைட்டு. மண்டபத்துல ஒரு இடம் போட்டோல தேக்குத் தூண், திண்ணையெல்லாம் காட்டுனாங்க, பைக்க எடுத்துட்டு நேர்ல போனா தூணுக்கு பிரவுன் எனாமல் அடிச்சு வச்சிருக்காங்க, ஜன்னலைத் தொறந்தா பக்கத்து ரூம் ஏசி தண்ணி சொட்டுது. ஆப்ல 'ஹெரிட்டேஜ்'னு தேடுனா காரைக்குடியக் காட்டுது, அந்த செட்டிநாட்டு வீடுங்க அருமைதான், ஆனா கடல் இல்லயே.

மாமிக்கு முழங்கால் வலி, அதனால கீழ்த்தளம்தான். ஒரு நாளைக்கு ஆறாயிரம் வரைக்கும் ஓகே.

தொண்டிலேர்ந்து ஏர்வாடி வரைக்கும் கடலோரமா, ஓட்டு வீடோ பழைய பங்களாவோ ரூமா விடுறவங்க யாராச்சும் உங்களுக்கு நேரடியா தெரியுமா?