கப்பல் பதிவேடா, பதிவகமா? ஆலோசனைக் குழுவுக்கு ஒரு பெயர்

ஐயா, வணக்கம்.

புதிதாக அமையும் அட்வைசரி பாடிக்கு உங்கள் வரைவில் ‘கப்பல் பதிவேட்டு ஆலோசனைக் குழு’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இரண்டு இடத்தில் இடறுகிறது.

முதலில் பதிவேடு. அது கப்பலின் பெயர், உரிமையாளர், டன்னேஜ், அடமானம் எல்லாம் ஏறும் ஏடு. (டன்னேஜை எடை என்று மாற்றிவிடாதீர்கள். அது கப்பலின் உட்கொள்ளளவிலிருந்து கணக்கிடுவது.) 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 94ஆம் பிரிவு, கொடி நாடு (கப்பல் எந்த நாட்டின் கொடியோடு ஓடுகிறதோ அந்த நாடு) கப்பல்களுக்குப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. அங்கே பதிவேடு சரி. ஆனால் ஏட்டுக்கு யார் யோசனை சொல்வார்கள்? சொல்வது அதை நடத்தும் அலுவலகத்துக்கு. அந்த அலுவலகம் அதே நாட்டில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. லைபீரியாவின் பதிவை அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து ஒரு நிறுவனம் நடத்துகிறது. கடலே இல்லாத மங்கோலியாவின் பதிவு சிங்கப்பூரில் நடக்கிறது! ஆகவே ஏடு பதிவேடு, அலுவலகம் பதிவகம்.

அப்புறம் ஆலோசனை. ‘நாளை ஆலோசனைக் கூட்டம்’ என்றால் கூடிப் பேசி முடிவெடுக்கப் போகிறார்கள் என்றுதான் நினைப்போம். இந்தக் குழுவில் கப்பல் உரிமையாளர்களும் மாலுமிகள் சங்கமும் காப்பீட்டாளரும் உட்கார்ந்தாலும், கருத்துச் சொல்வதோடு சரி. எந்தக் கப்பலைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்பது பதிவாளர் கையில். ‘அறிவுரை’ போட்டால் பெரியவர் பிள்ளைக்குச் சொல்வது போல இருக்கிறது. தடுப்புக் காவல் வழக்குகளைப் பார்க்கும் அறிவுரைக் கழகமும் நினைவுக்கு வந்து தொலைக்கும். இலங்கைத் தமிழில் புழங்கும் ‘மதியுரை’ பொருந்துகிறது: கப்பல் பதிவக மதியுரைக் குழு.

இன்னொரு வசதி, பன்னாட்டு நீதிமன்றம் தரும் கருத்துக்கும் இதே சொல் உதவும். 1959இல் ஐ.நா.வின் கடல்சார் அமைப்பு தன் கடல்சார் பாதுகாப்புக் குழுவைத் தேர்ந்தெடுத்தபோது லைபீரியாவையும் பனாமாவையும் விட்டுவிட்டார்கள். அது தவறு, பெரிய கப்பல் நாடு எது என்பதற்குப் பதிவான டன்னேஜே அளவுகோல் என்று 1960இல் அந்த நீதிமன்றம் சொன்னது தீர்ப்பல்ல, மதியுரைதான். ஆனாலும் குழுவைக் கலைத்துப் புதிதாக அமைத்தார்கள்.

---

தம்பி, பதிவகம் உடனே ஒட்டிக்கொண்டது. வரைவில் மாற்றிவிட்டேன். மதியுரைதான் நாக்கில் ஏற மறுக்கிறது. படிவம் நிரப்பும் மாலுமிக்கு ‘ஆலோசனைக் குழு’ என்றால் சட்டென்று புரியும். நீங்கள் சொல்லும் குழப்பம் அவருக்கு வராது, நமக்குத்தான் வரும். விதிகளில் மதியுரை, படிவத்தில் ஆலோசனை என்று இரண்டும் போட்டால் அடிக்க வருவீர்களா?